சோமனின் கனவைக் கேட்க ஆளில்லை

விவசாயக் கூலிகளைப் பற்றிய கதைகளில் திரும்பத் திரும்ப வருவது நிலமில்லாதவன் காணும் நிலக்கனவுதான். இந்த வகைக் கதைக்கு உலகம் முழுக்க முன்மாதிரியாகச் சொல்லப்படுவது ஜான் ஸ்டைன்பெக் 1937-இல் எழுதிய ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ குறுநாவல். கலிஃபோர்னியாவில் பண்ணை பண்ணையாக வேலை தேடி அலையும் ஜார்ஜ், லென்னி என்ற இரண்டு கூலியாட்களின் கதை அது. பத்து ஏக்கர் நிலம், ஒரு சின்ன வீடு, லென்னி வளர்ப்பதற்கு முயல்கள். ஆசை அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசை நாவலில் எப்படி வருகிறது என்று கவனிக்க வேண்டும். லென்னி கேட்பான், ஜார்ஜ் சொல்வான். சொன்னதையே மறுபடி சொல்வான். லென்னிக்கு எல்லாம் மனப்பாடம். இருந்தாலும் ஜார்ஜ் வாயால் கேட்டால்தான் அவனுக்கு நிம்மதி. விபத்தில் கையை இழந்த கிழவன் கேண்டி அதை ஒட்டுக்கேட்டுவிட்டுத் தன் சேமிப்பை எல்லாம் தருகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். கறுப்பன் என்பதால் லாயத்தை ஒட்டிய அறையில் தனியே ஒதுக்கப்பட்ட குரூக்ஸ்கூட ஒரு கணம் அந்தக் கனவுக்குள் காலெடுத்து வைத்துவிட்டு, மிரட்டலுக்குப் பயந்து பின்வாங்குகிறான்.

பல வருடங்களாக இந்த வகைக் கதைகளைத் தமிழிலும், மொழிபெயர்ப்பு வழியாகப் பிற மொழிகளிலும் தேடிப் படித்துவருகிறேன். அதில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. கூலியாளின் கனவுக்கு நிலம் வேண்டும் என்பது பிறகு. முதலில் அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவர் வேண்டும். இந்தக் கதைகளில் தனிமை என்பது பக்கத்தில் ஆள் இல்லாமல் இருப்பது அல்ல, கேட்க ஆள் இல்லாமல் இருப்பது. இப்படிப் பார்க்கும்போது ஸ்டைன்பெக்கைவிட முன்பே, அவரைவிடக் கடுமையாக இதை எழுதியவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார்.

சிவராம காரந்தின் ‘சோமன துடி’ 1933-இல் வந்தது. கதை நடக்கும் தென் கன்னட மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் உத்தரவு போட்ட அதே கோட்டைதான் சோமனின் ஊரையும் ஆண்டது. சோமன் ஹொலெயர் சாதியைச் சேர்ந்த பண்ணையாள். நான்கு மகன்கள், பெள்ளி என்று ஒரு மகள். காட்டில் வழிதவறித் திரிந்த இரண்டு காளைகளை அவன் பிடித்து வளர்க்கிறான். ஏர் பூட்டும் வயதில் காளைகள் நிற்கின்றன. உழ நிலம் இல்லை. குத்தகைக்குக் கேட்டாலும் கிடைக்காது, ஏனென்றால் அவன் சாதிக்காரன் சொந்தமாக உழக் கூடாது என்பது ஊர் வழக்கம். விலை கொடுத்து வாங்க வசதியில்லை என்பதாயிருந்தால் அது வேறு கதை. இங்கே ஏர்க்காலைத் தொடும் உரிமையே மறுக்கப்படுகிறது. மிஷனரிகள் பக்கம் போனால் நிலம் கிடைக்கலாம் என்ற வழி ஒன்று இருக்கிறது. சோமனால் தன் தெய்வத்தை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பழைய கடன் ஒன்று காப்பித் தோட்டத்துக் கணக்கில் கிடக்கிறது. அதை அடைக்க மூத்த மகன்கள் இருவர் மலையேறுகிறார்கள். ஒருவன் நோயில் சாகிறான், இன்னொருவன் கிறிஸ்தவப் பெண் ஒருத்தியை மணந்து அங்கேயே தங்கிவிடுகிறான். பிறகு பெள்ளி போகிறாள். அவள் உடம்பைக் கொண்டுதான் அந்தக் கடன் தீர்கிறது. இளைய பையன் தண்ணீரில் மூழ்குகிறான். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் தீட்டுக்குப் பயந்து தொட்டுத் தூக்கவில்லை. கடைசியில் சோமன் காளைகளைக் காட்டுக்கே விரட்டிவிட்டு, குடிசைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு துடி என்னும் பறையை அடிக்கிறான். உயிர் போகும்வரை அடிக்கிறான்.

வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தும் சோமனுக்குத் தோழன் என்று யாரும் இல்லை. இதை எழுதியதில்தான் காரந்தின் துணிவு இருக்கிறது. ஜார்ஜிடம் லென்னி கேட்டதுபோல “நம்ம நிலத்தைப் பத்திச் சொல்லு” என்று இவனிடம் கேட்க ஒருவரும் இல்லை. கோபம் வந்தாலும் கள் குடித்தாலும் பிள்ளை செத்தாலும் அவன் கை துடிக்குத்தான் போகிறது. சொல்ல முடியாததையெல்லாம் தோலில் அடிக்கிறான். பி.வி. காரந்த் 1975-இல் இதைப் படமாக எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது, சோமனாக நடித்த வாசுதேவ ராவுக்குச் சிறந்த நடிகர் விருது. படத்தில் வசனத்தைவிடத் துடியே அதிகம் பேசுகிறது. நாவலைப் படித்தவர்களுக்கு அது இயல்பாகத்தான் தோன்றும்.

ஸ்டைன்பெக்கின் கூலிகளுக்கு நிலம் எட்டாமல் போனது பணத்தாலும் விதியாலும் என்று சொல்லி, நம் கூலிக்கு எட்டாமல் போனது சாதியால் என்று வேறுபடுத்துவது வழக்கம். அது பாதிதான் சரி. ஜார்ஜும் லென்னியும் அலைந்த அதே கலிஃபோர்னியாவில் பஞ்சாபிலிருந்து போன கூலிகளும் வயல் வேலை செய்தார்கள். 1913-இல் அந்த மாநிலம் போட்ட அந்நியர் நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் நிலம் வாங்கக் கூடாது என்றது. இந்தியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அமெரிக்க மண்ணில் பிறந்த தங்கள் குழந்தைகளின் பெயரில் நிலத்தை எழுதி வைத்தவர்கள் உண்டு. பத்து ஏக்கர் கனவு காணவாவது ஜார்ஜுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. பக்கத்து வரப்பில் நின்ற பஞ்சாபிக்கு அதுவும் இல்லை. சோமனுக்கு ஊர் வழக்கம் செய்ததை அவனுக்குச் சட்டப் புத்தகம் செய்தது. ஸ்டைன்பெக்கின் அந்த நாவலில் அவன் இல்லை.

கர்நாடகத்துக் கதையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் 1974-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டது. உழுதவருக்கே நிலம் என்றார்கள், ஏராளமான குத்தகைதாரர்கள் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் சோமன் திரைக்கு வந்தான். 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. சோமன் உயிரோடு இருந்திருந்தாலும் 1974 சட்டத்தால் அவனுக்குப் பலன் இல்லை. அது குத்தகைதாரனுக்கு நிலம் கொடுத்தது. சோமனுக்குக் குத்தகையே கிடைத்ததில்லையே! கூலியாளுக்கு அந்தச் சட்டத்தில் இடம் சொற்பம். ஒரு நாவல் நாற்பது வருடங்களுக்கு முன்பே காட்டிய ஓட்டையை ஒரு நல்ல சட்டமும் அடைக்காமல் விட்டது.

பெங்களூருக்குப் பக்கத்து மாகடியிலிருந்து ஒரு சாட்சி. கவிஞர் சித்தலிங்கய்யாவின் தன்வரலாறு ‘ஊரு கேரி’. தமிழில் பாவண்ணன் ‘ஊரும் சேரியும்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். மஞ்சனபெலெ கிராமத்தில் சிறுவனாக இருந்தபோது கண்ட காட்சியோடு அது தொடங்குகிறது. இரண்டு மனிதர்கள் தோளில் நுகத்தடியைச் சுமந்து ஏரிழுக்கிறார்கள். பின்னால் ஒருவர் மேழி பிடித்து உழுதுகொண்டு வருகிறார். இழுக்கும் இருவரில் ஒருவர் அந்தச் சிறுவனின் அப்பா. இது புனைவு அல்ல. சோமனுக்கு உழக் காளைகள் இருந்தும் நிலம் இல்லை, இவர் தானே காளையானார். பிழைப்பு தேடிப் பெங்களூருக்கு வந்த அந்தக் குடும்பத்தின் பிள்ளை ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்து கன்னட தலித் கவிதையின் குரல் ஆனார்.

மனிதத் தோழமை கிடைக்காத இடத்தில் நம் கதைகள் விலங்குகளிடம் போகின்றன. குவெம்பு 1967-இல் எழுதிய ‘மலெகளல்லி மதுமகளு’ நாவலில் குத்தி என்றொரு பண்ணையாள். நாயோடேயே திரிவதால் நாய்க்குத்தி என்று பெயர். நாயின் பெயர் ஹுலியன். மலைநாட்டுக் காட்டு வழியே இருவரும் நடப்பதில்தான் அந்தப் பெரிய நாவல் தொடங்குகிறது. குத்தி போவது திம்மியை அழைத்துவர. திம்மி வேறொரு பண்ணை வீட்டைச் சேர்ந்தவள். கல்யாணம் செய்துகொண்டு போனால் அந்த வீட்டுக்கு ஒரு வேலைக்காரி குறைவாள். அதனால் காதல் அங்கே திருட்டாகிவிடுகிறது. குத்தியின் பயமும் ஆசையும் ஹுலியனுக்குத் தெரியும். கடைசியில் வெள்ளம் புரளும் துங்கை ஆறு ஹுலியனைக் கொண்டுபோகிறது. ஸ்டைன்பெக்கில் கேண்டியின் கிழட்டு நாயை நாற்றம் தாங்கவில்லை என்று சுட்டுவிடுகிறார்கள். உபயோகமற்றுப்போனால் கூலிக்கும் அதுவே கதி என்று கேண்டி புரிந்துகொள்கிறான். குவெம்பு நாயை உவமையாக்கவில்லை. ஹுலியன் ஹுலியனாகவே வாழ்ந்து ஹுலியனாகவே போகிறான், அந்த இழப்பு காதலர்கள் தப்பித்த சந்தோஷத்துக்குச் சமமாக நம் நெஞ்சில் நிற்கிறது. இந்த நாவலை 2010-இல் மைசூரு ரங்காயண ஒன்பது மணி நேர நாடகமாக்கியது, இயக்கியவர் சி. பசவலிங்கய்யா. பிறகு பெங்களூரு கலாகிராமத்தில் இரவு முழுக்க நடந்தது. ஒரு பண்ணையாளின் கதையைக் கேட்க நகரம் விடிய விடிய உட்கார்ந்திருந்தது என்பதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

தமிழில் இந்த வரிசையில் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை முதலில் வைப்பேன். கொங்குக் காடுகளில் கவுண்டர் பண்ணையத்தில் வருடக் கூலிக்கு விடப்பட்ட சக்கிலியச் சிறுவன் கூளையன். ஆடு மேய்க்கும் மற்றப் பிள்ளைகள் அவனுக்குக் கூட்டு: வவுறி, செவிடி, நெடும்பன், மொண்டி. இந்த நாவலில் பிள்ளைகளுக்கு நிலக்கனவு கிடையாது. வயிறார ஒரு வேளை, அம்மாவைப் பார்க்க ஒரு நாள், பயமில்லாமல் ஒரு ராத்திரி. கனவு இந்த அளவுக்குச் சுருங்கியிருப்பதே வலிக்கிறது. பண்ணையக்காரரின் மகன் செல்வனும் கூளையனும் நண்பர்கள்தான், ஒன்றாக விளையாடுகிறார்கள், ஒன்றாகப் படுத்துக் கிடக்கிறார்கள். ஆனால் வளர வளரச் செல்வன் குரலில் எஜமானன் எட்டிப் பார்க்கிறான். சமமில்லாதவர்களுக்கு இடையே நட்பு எங்கே முறியும் என்று இத்தனை நுட்பமாகத் தமிழில் வேறு யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஜார்ஜுக்கும் லென்னிக்கும் இடையிலும் சமம் இல்லை; ஒருவன் புத்திசாலி, இன்னொருவன் குழந்தை. ஆனால் ஒருவன் மற்றவனின் முதலாளி அல்ல.

கூலிகளுக்குள்ளேயே முழுமையான நட்பு என்று பார்த்தால் இரண்டு நாவல்களைச் சொல்ல வேண்டும். தகழியின் ‘ரண்டிடங்ஙழி’ (1948), குட்டநாட்டுப் புலையர்களின் கதை. கோரனும் சாத்தனும் ஒரே பெண்ணை விரும்பியவர்கள். சிருதா கோரனுக்கு மனைவியாகிறாள். மானத்தைக் காக்கக் கொலை செய்துவிட்டுக் கோரன் சிறைக்குப் போகும்போது அவளைச் சாத்தனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். சாத்தன் அவளை உடன்பிறந்தவளாக வைத்துக் காப்பாற்றுகிறான். இன்னொன்று குர்தியால் சிங்கின் பஞ்சாபி நாவல் ‘மடீ தா தீவா’ (1964). தலைமுறையாக உழைத்த நிலம் கைவிட்டுப் போகும் ஜக்சீருக்குக் கடைசிவரை மிஞ்சுவது மனைவி விட்டுப்போன ரௌணகியின் நட்பு. இரண்டு ஒற்றை ஆண்கள் உட்கார்ந்து பேசும் பேச்சு நாவலின் மூச்சாக இருக்கிறது. ஸ்டைன்பெக்கைத் தேடி இந்தியாவுக்கு வருகிறவர் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

இப்படிப்பட்ட நட்பு நம் கதைகளில் ஏன் குறைவு? நம் கூலியாள் பெரும்பாலும் ஒற்றை ஆளாகக் கிளம்புவதில்லை. மேஸ்திரியிடமோ கங்காணியிடமோ முன்பணம் வாங்கிக்கொண்டு பெண்டு பிள்ளை, சட்டி பானையோடு போகிறான். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935) இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு மருதி போன கதை. தோட்ட மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய நாவலில் ஆனைமலைத் தோட்டத்துக்குப் போவது கருப்பன், வள்ளி தம்பதி. குடும்பமாகப் போவதால் தனிமை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குடும்பத்தின் மேல் இருக்கும் கடன்தான் ஒவ்வொருவரையும் வாயடைக்கிறது. புருஷன் முன்னால் பெண்டாட்டி அழ முடியாது, பெண்டாட்டி முன்னால் புருஷன் பயத்தைச் சொல்ல முடியாது. இந்த மௌனத்தை எழுதுவது கஷ்டம். துயரத்தை அடுக்கிக்கொண்டே போவது சுலபம். நம் தோட்ட நாவல்களில் பல சுலபமான வழியில் போய்விட்டன.

ஊர் ஊராக நகர்வதையே வாழ்க்கையாகக் கொண்டவர்களைப் பற்றி சு. தமிழ்ச்செல்வி எழுதிய ‘கீதாரி’ விதிவிலக்கு. இராமநாதபுரம் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்களுக்கு வந்து கிடை போடுகிறவர்கள் கீதாரிகள். அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை ராத்திரி மடக்கிப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். பொழுது விடிந்தால் அடுத்த வயல். எந்த ஊரிலும் அவர்கள் ஊர்க்காரர்கள் அல்ல. மனநிலை பிறழ்ந்த ஒருத்தி வெட்டவெளியில் பெற்றுப்போட்ட இரட்டைப் பெண்குழந்தைகளை ஒட்டி அந்தக் கதை நகர்கிறது. ராமு என்ற கீதாரி தகப்பனாவதற்கு ரத்தமோ சாதியோ தேவைப்படவில்லை. நிலைத்து நின்ற ஊர்களில் கிடைக்காத தாராளம் கிடைக்காரர்களிடம் இருக்கிறது என்று நாவல் காட்டுகிறது. அதே நாவல் அந்தப் பெண்களுக்கு நேரும் கொடுமையையும் மறைக்கவில்லை.

பெங்களூர்க்காரரான ராம் ரெட்டி 2015-இல் எடுத்த ‘திதி’ படத்தையும் இதோடு பார்க்கலாம். மண்டியா பக்கத்துக் கிராமத்தில், நடிப்புப் பழக்கமே இல்லாத ஊர்க்காரர்களை வைத்து எடுத்தது. கட்டப்பா என்ற கிழவர் வீடு, நிலம், சொத்து எதிலும் ஒட்டாமல் திரிகிறவர். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய காயத்தை மகனிடம் சொல்லவில்லை, ஊரிலும் சொல்லவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த நாடோடிகளோடு ராத்திரி நெருப்பருகே உட்கார்ந்தபோதுதான் வாய் திறக்கிறார். நாளைக்கு அவர்கள் போய்விடுவார்கள் என்பதால்தான் சொல்ல முடிகிறது. சோமனுக்கு அப்படியொரு ராத்திரி கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெண்களின் கணக்கு தனி. ஸ்டைன்பெக் நாவலில் வரும் ஒரே பெண்ணுக்குப் பெயரே கிடையாது. கர்லியின் மனைவி, அவ்வளவுதான். சினிமாவில் நடித்திருக்கலாம் என்ற கனவை அவள் லென்னியிடம் சொல்கிறாள், சொன்ன சற்று நேரத்தில் சாகிறாள். காரந்த் பெள்ளிக்குப் பெயர் கொடுத்தார். அப்பனுக்கு நிலம் வேண்டும் என்று அந்தக் குடிசைக்கே தெரியும். பெள்ளிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்து எழுத்தர் மன்வேலன் சிரித்துப் பேசியபோது அவள் மயங்கியது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூலிக்காரப் பெண்ணின் விருப்பத்தை நடுவில் வைத்த முழு நாவல் ஒன்றைத் தமிழில் நான் படிக்க, கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’ (1999) வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏமாற்றிக் கட்டிவைக்கப்பட்ட ஒருத்தி கழனியிலும் முந்திரிக்காட்டிலும் பாடுபட்டபடி, தனக்கென்று ஒரு வாழ்க்கையை விடாமல் கேட்கிற கதை அது.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவை ஊரோடு கட்டிப்போடப்பட்ட பண்ணையாளைப் பற்றியவை. நகர்கிற கூலியைப் பற்றி நம்மிடம் இருப்பது குறைவு, நகரத்தின் விளிம்பில் நிற்கும் கூலியைப் பற்றி இன்னும் குறைவு. வட கர்நாடகத்தில் கலபுரகி, யாதகிரி, ராய்ச்சூர் பக்கத்து நிலமற்றவர்களும் சிறு விவசாயிகளும் துவரை அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்பிப் பெங்களூருக்கு வருவார்கள். இதைக் ‘குளே’ போவது என்பார்கள். இங்கே கட்டடம் எழும் இடமெல்லாம் நீலத் தார்ப்பாய்க் குடிசைகள் முளைக்கும். பெண்கள் ஜல்லி சுமப்பார்கள், ஆண்கள் கம்பி வளைப்பார்கள். ஜூன் மழை விழுந்தால் விதைக்க ஊருக்குத் திரும்புவார்கள். வருடத்தில் பாதி விவசாயி, பாதி கட்டடக் கூலி. அதே போலத் தென் கன்னடத்தில் சுள்ளியா, புத்தூர் பக்கத்து அரசு ரப்பர்த் தோட்டங்களில், 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். புத்தூர் காரந்த் நெடுங்காலம் வாழ்ந்த ஊர். சோமன் துடியடித்த நிலப்பரப்பில் இன்று ‘துன்பக்கேணி’யின் பேரப்பிள்ளைகள் பால் வடிக்கிறார்கள். கன்னடத்துக்கும் தமிழுக்கும் பொதுவான இந்த வாழ்க்கையை நடுவில் வைத்த நாவல் ஒன்று என் வாசிப்பில் இரண்டு மொழியிலும் இன்னும் தட்டுப்படவில்லை.

அப்படி ஒரு நாவல் எழுதப்போகிறவர் சோமனை நகலெடுக்க முடியாது. இன்றைய கூலியின் கையில் செல்போன் இருக்கிறது. ராத்திரி தார்ப்பாய்க்குள் படுத்தபடி யாதகிரியில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளையோடு பேசலாம். கேட்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சில் முன்பணம் எவ்வளவு மிச்சம் என்பதும், முதுகு வலிப்பதும், சாரத்திலிருந்து பக்கத்துக் குடிசைக்காரர் விழுந்ததும் வராது. பிள்ளை சாப்பிட்டதா, பள்ளிக்கூடம் போனதா என்பதோடு நின்றுவிடும். அவருடைய கனவும் மாறிவிட்டது. நிலம் கிடைத்தாலும் மழையை நம்பி அதில் இறங்கப் பலர் தயாராக இல்லை. பிள்ளை படித்து வேலைக்குப் போக வேண்டும் என்பதே ஆசை. அந்த ஆசையையும் அந்தப் பிள்ளையிடமே முழுசாகச் சொல்ல முடியாது, அதன் தலையில் பாரம் ஏறிவிடும் என்ற பயம். பக்கத்துக் குடிசைக்காரர் ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவர்; பாஷை தெரியாது. இருவரும் ஒரே பீடியைப் பகிர்ந்துகொள்வார்கள், தட்டுத்தடுமாறி இந்தியில் ஊர் விசாரிப்பார்கள், கட்டடம் முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். அந்த இருவர் என்ன பேசியிருப்பார்கள் என்பதை எழுத, கன்னடமும் தமிழும் தெரிந்த ஒருவர் இந்தப் பெங்களூரில்தான் எங்கோ இருக்க வேண்டும்.